படித்தது தலையில் நிற்க: படிப்பகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் ஒரு படிப்பகம் இருக்கும். எங்கள் ஊரிலும் உண்டு. பகலில் செய்தித்தாளும் கேரம் போர்டும். மாலை ஆறு மணிக்கு மேல் குரூப் 4, போலீஸ் வேலை என்று போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் வந்து உட்காருவார்கள். சில வருடங்களாக நானும் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிற ஒரு வாக்கியம் உண்டு: “படிச்சது ஒண்ணும் தலையில நிக்க மாட்டேங்கு சாரே.”

போன வருடம் ஒரு அக்கா இதையே சொன்னார். கல்யாணம், இரண்டு பிள்ளைகள் என்று பன்னிரண்டு வருடம் புத்தகத்தைத் தொடாதவர். அவருடைய வரலாற்றுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஹைலைட்டர் மஞ்சள். கோடு போடாத வரியைத்தான் தேட வேண்டியிருந்தது. “எக்கா, குலசேகரத்துல இருந்து நாகர்கோவிலுக்குக் காலையில பஸ் எப்பல்லாம்?” என்று கேட்டேன். ஆறேகாலில் தொடங்கி ஒன்பதரை வரை மூச்சுவிடாமல் சொன்னார். எந்த வண்டியில் உட்கார இடம் கிடைக்கும், எது தக்கலையில் பத்து நிமிடம் போட்டுவிடும் என்பது உட்பட. இவருக்கா ஞாபகசக்தி இல்லை?

அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். நினைவு எப்படிப் பதிகிறது, எங்கே தங்குகிறது, எப்படித் திரும்ப வருகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், எந்த இடத்தில் ஒழுகுகிறது என்பது நமக்கே பிடிபடும். நான் பார்த்தவரை, உள்ளே போடுவதிலேயே எல்லோரும் முழு நேரத்தையும் செலவழிக்கிறார்கள். போட்டதை எடுத்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. ஒழுகல் அங்கேதான்.

முதல் படி: கவனித்ததுதான் பதியும்

கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலையை நம் மாவட்டத்துக்காரர்கள் எத்தனை முறை பார்த்திருப்போம்! சரி, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள். வள்ளுவரின் வலது கை எப்படி இருக்கிறது?

படிப்பகத்தில் இதைக் கேட்டால் சண்டையே வந்துவிடும். ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி என்பார் ஒருவர். எழுத்தாணி பிடித்திருக்கிறார் என்பார் இன்னொருவர். உண்மையில் மூன்று விரல்கள் மேல்நோக்கி நிற்கின்றன. அறம், பொருள், இன்பம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். நூறு முறை கண்ணில் பட்டும் பதியாத ஒன்று, இப்போது ஒரே முறை கேட்டதும் பதிந்துவிட்டது. அடுத்த முறை கடற்கரைக்குப் போனால் முதலில் விரலைத்தான் எண்ணுவீர்கள்.

கண்ணில் படுகிற காட்சி அப்படியே ஒரு நொடிக்கும் குறைவான நேரம்தான் உள்ளே நிற்கும். 1960-ல் ஜார்ஜ் ஸ்பெர்லிங் என்பவர் எழுத்துகளைக் கண நேரம் மின்னவைத்துக் காட்டி இதை அளந்தார். அந்தக் கணத்தில் கவனம் எதைப் பிடித்துக்கொள்கிறதோ அது அடுத்த கட்டத்துக்குப் போகும். மற்றதெல்லாம் போய்விடும், மறப்பதற்குக்கூட அங்கே ஒன்றும் இருக்காது. நாம் “மறந்துவிட்டது” என்று சொல்வதில் பாதி, முதலிலேயே பதியாததுதான்.

செய்ய வேண்டியது: படிக்கத் தொடங்குமுன் பாடத்தின் தலைப்பைக் கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். “குளச்சல் போர்” என்று தலைப்பு இருந்தால், “யாருக்கும் யாருக்கும்? எதற்காக? எப்போது?” என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் படியுங்கள். கண் பதிலைத் தேடிக்கொண்டு போகும். திருவிதாங்கூரின் மார்த்தாண்ட வர்மாவும் டச்சுக்காரர்களும், மிளகு வியாபாரம், 1741 என்று ஒவ்வொன்றாக மாட்டும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை, என்னையும் சேர்த்து.

இரண்டாவது படி: கைக்கு அடங்குகிற அளவில்

கவனித்தது முதலில் வந்து நிற்கிற இடம் மிகச் சிறியது. கடைக்குப் போகும்போது “சீனி, சோப்பு, கடுகு” என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போகிறோமே, அந்த இடம்தான். செயல்படு நினைவு என்று இதற்குப் பெயர். 1956-ல் ஜார்ஜ் மில்லர் என்ற உளவியலாளர் அதில் ஏழு பொருள் கொள்ளும், இரண்டு கூடலாம் குறையலாம் என்றார். பிற்பாடு நெல்சன் கவன் 2001-ல் எல்லாவற்றையும் திரும்ப ஆராய்ந்து, நான்கு என்பதுதான் சரியாக இருக்கும் என்றார். முணுமுணுப்பை நிறுத்தினால் அதுவும் நிற்காது. 1959-ல் செய்த ஒரு சோதனையில் மூன்று எழுத்துகளைச் சொல்லிவிட்டு, மூன்று மூன்றாகக் கழித்துப் பின்னோக்கி எண்ணச் சொன்னார்கள். பதினெட்டு நொடியில் பெரும்பாலும் துடைத்துக்கொண்டு போய்விட்டது.

இடம் சின்னதுதான், ஆனால் உள்ளே வைக்கிற பொட்டலத்தின் அளவு நம் கையில் இருக்கிறது. 629175 என்ற பின்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லிக்காரருக்கு அது ஆறு எண். நமக்கு? 629 என்பது நம் மாவட்டம் முழுக்கப் பழகிய ஒரே பொட்டலம். புதிதாக நினைவில் வைக்க வேண்டியது 175 மட்டும், தக்கலை. ஏற்கெனவே தெரிந்தது கூடக்கூட, புதிது எடுத்துக்கொள்கிற இடம் குறையும். தொடக்கத்தில் எல்லாமே கஷ்டமாகவும் நாலு மாதத்துக்குப் பிறகு சுலபமாகவும் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். அந்த நாலு மாதத்துக்குள் ஓடிவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு எடுத்துக்காட்டு. 1956 நவம்பர் 1-ல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்து குமரி மாவட்டமான தாலுகாக்கள்: தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. வெறும் பெயராகப் படித்தால் நாலு பொட்டலம். ஆரல்வாய்மொழியில் மாவட்டத்துக்குள் நுழைந்து மேற்கே களியக்காவிளைக்குப் போகிற மாதிரி நினைத்துக்கொண்டால் ஒரே பொட்டலம். கிள்ளியூரும் திருவட்டாரும் பின்னால் வந்தவை, இப்போது ஆறு.

மூன்றாவது படி: தெரிந்ததில் மாட்டிவிடுவது

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கலாம்.

1975-ல் கிரெய்க், டல்விங் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். வருகிறவர்களுக்குச் சில சொற்களைக் காட்டி, ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டார்கள். சில சொற்களுக்கு “இது பெரிய எழுத்தில் இருக்கிறதா?”, சிலவற்றுக்கு “இது இன்ன சொல்லோடு ஓசையில் பொருந்துமா?”, சிலவற்றுக்கு “இது இந்த வாக்கியத்தில் பொருந்துமா?” நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவே இல்லை. பிறகு திடீரென்று சோதித்தபோது, பொருளை யோசிக்க வைத்த சொற்கள்தான் அதிகம் நின்றன. எத்தனை முறை பார்த்தோம் என்பதைவிட, பார்த்தபோது என்ன யோசித்தோம் என்பதுதான் கணக்கு. ஹைலைட்டர் ஓடும்போது நாம் ஒன்றும் யோசிப்பதில்லை.

வள்ளுவர் சிலைக்கே திரும்ப வருவோம். திருக்குறளில் அறத்துப்பால் 38 அதிகாரம், பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, மொத்தம் 133. தேர்வில் கேட்பார்கள், எல்லோரும் குழப்பிக்கொள்வார்கள். சிலையின் மொத்த உயரம் 133 அடி. பீடம் மட்டும் 38 அடி, மேலே நிற்கும் சிலை 95 அடி. 70-ம் 25-ம் 95. கணபதி ஸ்தபதி அப்படியே கணக்குப் போட்டுக் கட்டினார். அறம் அடித்தளம், அதன்மேல்தான் பொருளும் இன்பமும் நிற்கின்றன. இந்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று எண்களும் சண்டை போடாமல் வரும். சிலை திறந்த நாள் 2000 ஜனவரி 1. அதையும் கூடவே மாட்டிவிடுங்கள்.

இயல்பாக எந்தத் தொடர்பும் இல்லாத பட்டியலுக்கு என்ன செய்வது? அதற்கு வழித்தட முறை இருக்கிறது. பழைய கிரேக்க, ரோமப் பேச்சாளர்கள் நீண்ட உரைகளை மனதில் வைத்துக்கொள்ளப் பயன்படுத்தியது. நன்றாகத் தெரிந்த ஒரு வழியில் மனதுக்குள் நடந்து, ஒவ்வொரு இடத்திலும் ஒரு பொருளை வைத்துவிட்டு வருவது. நமக்குத் தெரிந்த வழி நாகர்கோவில்-தக்கலை ரோடு. அரசியலமைப்பு முகப்புரையில் இந்தியாவைப் பற்றி வரும் ஐந்து சொற்களை அதில் ஏற்றிப் பார்ப்போம்.

வடசேரி பஸ் ஸ்டாண்ட். கண்டக்டர் படியில் நிற்கிறார். இந்த வண்டிக்குள் அவருக்கு மேல் யாரும் கிடையாது, வெளியிலிருந்து எவரும் வந்து அவரை அதட்ட முடியாது: இறையாண்மை. வெட்டூர்ணிமடம். ஒருவர் ஒரு தார் மட்டிப்பழத்தோடு ஏறி, வண்டியில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொன்று சமமாகக் கொடுக்கிறார்: சமதர்மம். பார்வதிபுரம் மேம்பாலம். மேலே ஏறும்போது சாமி கும்பிடுகிறவரும் சிலுவை போடுகிறவரும் துஆ கேட்கிறவரும் ஒரே சீட்டில். பாலம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை: மதச்சார்பின்மை. சுங்கான்கடை. மண்பானைக்குப் பேர்போன ஊர். பானையைப் பார்த்ததும் குடவோலை ஞாபகம் வர வேண்டும், வரிசையில் நின்று பானைக்குள் ஓலை போடுகிறார்கள்: மக்களாட்சி. கடைசியில் தக்கலை. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பத்மநாபபுரம் அரண்மனை. ராஜா இல்லை. டிக்கெட் எடுத்த குடிமக்கள் அறை அறையாகச் சுற்றுகிறார்கள்: குடியரசு.

இதில் ஒரு கொசுறு. வெட்டூர்ணிமடத்திலும் பார்வதிபுரத்திலும் ஏறியவர்கள் முதலில் வண்டியில் இல்லை. சமதர்மம், மதச்சார்பின்மை இரண்டும் 1976-ல் 42-ஆவது திருத்தத்தில் வழியில் ஏறியவை. அந்தக் கேள்வியும் இதே பஸ்ஸில் அடங்கிவிடுகிறது.

“இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கு சாரே” என்று முகம் சுளித்த அந்த அக்காதான், அடுத்த வாரம் வந்து, “சுங்கான்கடை வந்தாலே மக்களாட்சி ஏறுது” என்று சிரித்தார். அசட்டுத்தனமாக இருந்தால் இன்னும் நல்லது. சாதாரணமான படம் சாதாரணமாகவே மறந்துபோகும்.

இந்த முறை நமக்கு அந்நியமும் இல்லை. குளச்சல் பக்கத்திலிருந்து வரும் தம்பி ஒருவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால், கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் திட்டு, அதாவது பார், எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கரையில் தெரியும் ஒரு மலை முனையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவருவார்கள். வேறு பக்கத்தில் இன்னொரு மலை, இன்னொரு மரக்கூட்டம், இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் கீழே பார். இப்படி எத்தனையோ பார்கள் அவருடைய தலைக்குள், ஒரு எழுத்துகூட எழுதிவைக்காமல். அந்த அப்பாவின் மகன்தான் எங்களிடம் வந்து தனக்கு ஞாபகசக்தி குறைவு என்றார்.

நடுவில் கொஞ்சம்: உள்ளே என்ன நடக்கிறது

மூளையில் காதுக்கு நேர் உள்ளே, இரு பக்கமும் வளைந்து கிடக்கும் ஒரு பகுதிக்கு ஹிப்போகேம்பஸ் என்று பெயர். வலையில் எப்போதாவது மாட்டுமே கடற்குதிரை, அதன் கிரேக்கப் பெயர்தான் இது. வெட்டி எடுத்துப் பார்த்தால் அப்படியே அதன் வளைவு.

இந்தப் பகுதியின் வேலை என்ன என்பது ஒருவருடைய துரதிர்ஷ்டத்தால் தெரியவந்தது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்குக் கடுமையான வலிப்பு. 1953-ல், அவருக்கு 27 வயதில், அறுவை செய்து இரு பக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு புதிதாக எதுவும் நிற்கவில்லை. பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் ஒவ்வொரு முறை அறைக்குள் வரும்போதும் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. சின்ன வயது நினைவுகள் பெரும்பாலும் இருந்தன. பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த பாலம்தான் போய்விட்டது. 2008-ல் இறக்கும்வரை ஆய்வுகளில் அவர் பெயர் ‘எச்.எம்.’ என்ற இரண்டு எழுத்துதான்.

மில்னர் இன்னொன்றையும் கவனித்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரத்தின் ஓரத்தில் கோடு வரையச் சொன்னார். நாளுக்கு நாள் மொலைசனின் கை தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும் “இதை நான் செய்ததே இல்லை” என்றார். தகவல் நினைவும் கைப்பழக்க நினைவும் வேறு வேறு பாதை என்பது அங்கே தெளிவானது. தோவாளையில் பூக்கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், கண் தெருவில் இருக்கும், விரல் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாமல் கட்டிக் காட்டுவார்கள். ஆகவே, கணக்குப் போடுவது கைப்பழக்கம் போலப் பழக வேண்டியது. செய்து வைத்த கணக்கைப் படித்துப் பார்ப்பதில் பயன் குறைவு.

நினைவு என்ற பொருள் ஒரு அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கிவைக்கப்படுவதில்லை. நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்படுவதுதான் பதிவு. எரிக் கேண்டல் ஒருவகைக் கடல் நத்தையில் இதை ஆராய்ந்து 2000-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். குறுகிய கால நினைவில் இருக்கிற இணைப்பு கொஞ்ச நேரம் வலுக்கிறது. நீண்ட கால நினைவில் புதிய புரதங்கள் உருவாகி, புதிய இணைப்புகளே முளைக்கின்றன. முளைப்பதற்கு நேரம் வேண்டும், திரும்பத் திரும்பத் தூண்டலும் வேண்டும்.

நான்காவது படி: மூடிவைத்துவிட்டு எடுத்துப் பார்ப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதாக இருந்தால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவு அதை இரண்டு முறை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு முறை படித்துவிட்டு, மூடிவைத்து, ஞாபகம் இருப்பதை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. அன்றைக்கு ஆய்வை நிறுத்தியிருந்தால் நம் ஹைலைட்டர் பார்ட்டிதான் ஜெயித்திருக்கும். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கதை மாறிவிட்டது: இரண்டு முறை படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிய முகமாகத் தெரியும். “ஆமா, இது தெரியும்” என்று மனம் தலையாட்டும். தெருவில் வருகிறவரை அடையாளம் தெரிவது வேறு, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வேறு. தேர்வறையில் கூப்பிடச் சொல்கிறார்கள்.

எப்படிச் செய்வது? மூன்று நான்கு பக்கம் படியுங்கள். புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, தோன்றுகிற வரிசையிலேயே எழுதுங்கள். ஒன்றும் வராமல் ஒரு நிமிடம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அந்த நிமிடத்தில்தான் புதியவர்கள் பொறுக்க முடியாமல் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார்கள். திறக்காதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் தேடுங்கள். எழுதி முடித்த பிறகு திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் வேறு நிறப் பேனாவில் திருத்துங்கள். நாளைக்குப் படிக்க வேண்டியது அந்தத் திருத்தங்கள் மட்டும்தான்.

எழுத நேரம் இல்லாதவர்கள் வாயால் சொல்லலாம். அக்கா வீட்டில் இரவு தேங்காய் துருவும்போது மகள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள். தப்பினால் மகளுக்குக் கொண்டாட்டம். “எம்மா, இது நேத்தும் தப்புனே” என்பாள். அந்தக் கேள்வி பிறகு தப்புவதில்லை.

ஐந்தாவது படி: விட்டு விட்டு

எங்களோடு படிக்கும் ஒருவர் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர். ஒரே பாடத்தை ஒரே நாளில் ஐந்து முறை படிப்பதைவிட, ஐந்து வேறு நாளில் ஒவ்வொரு முறை பார்ப்பது மேல் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிட்டார்: “மரத்துக்கும் அப்படித்தான் சாரே. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டணும். தினம் வெட்டினா பட்டை காஞ்சி போவும், அப்புறம் பாலே வராது.”

ஜெர்மனியின் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்ட ஆய்வில் இதற்கான கணக்கு இருக்கிறது. பொருளற்ற அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, தன்னையே சோதனை எலியாக வைத்து மனப்பாடம் செய்தார். பிறகு மறுபடி கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்தார். ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாள் கழித்து மிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. முதல் நாளில் செங்குத்தாகச் சரிந்து, அப்புறம் சமதளமாக ஓடுகிறது.

ஆகவே முதல் மீள்பார்வை மறுநாளே வர வேண்டும். அப்புறம் மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. இந்த எண்கள் வேதவாக்கு அல்ல. தேர்வு தூரத்தில் இருந்தால் இடைவெளியை நீட்டலாம், பக்கத்தில் இருந்தால் சுருக்கலாம். கொஞ்சம் மறந்து, தேடி எடுக்கச் சிரமப்படுகிற நேரத்தில் திரும்பினால் பலன் அதிகம். காலண்டரில் பாடத்தின் பெயரைக் குறித்துவைத்தால் போதும், இதற்குச் செயலி எதுவும் தேவையில்லை.

தூக்கம், இடம், வல்லாரை

தூக்கத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். ஆழ்ந்த தூக்கத்தில், பகலில் கற்றபோது இயங்கிய ஹிப்போகேம்பஸ் அணுக்கள் அதே வரிசையில் மறுபடி இயங்குகின்றன. நினைவு மூளையின் மேற்பரப்புப் பகுதிகளில் நிலைபெற இது உதவுகிறது. கற்ற பிறகு தூங்கியவர்களுக்கு, விழித்திருந்தவர்களைவிட மறதி குறைவு என்று 1924-லேயே காட்டியிருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தின இரவு கட்டன் சாயா குடித்து விடிய விடிய உட்காருகிறவர்கள் பாதி உழைப்பைக் கீழே ஊற்றுகிறார்கள். விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் இரவு அரை மணி நேரம் பார்த்துவிட்டு உடனே படுத்துவிடலாம், நல்ல ஏற்பாடு.

எங்கே படிப்பது என்றும் கேட்பார்கள். 1975-ல் காடன், பேட்லி இருவரும் ஸ்காட்லாந்தில் முக்குளிப்பவர்களைத் தண்ணீருக்கடியில் சொற்களைக் கற்கவைத்தார்கள். நீருக்கடியில் கற்றது நீருக்கடியிலேயே நன்றாக நினைவு வந்தது, கரையில் கற்றது கரையில். பல ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். படிப்பகம், வீட்டுத் திண்ணை, பஸ் என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டால் எந்த இடத்தையும் நம்பி இருக்க வேண்டியதில்லை.

வல்லாரை? துவையலுக்கு அருமை. தோட்டத்து ஓரத்தில் கிடைத்தால் விடாதீர்கள். 42-ஆவது திருத்தம் எந்த வருடம் என்பதை மட்டும் அது சொல்லித் தராது. மறதி திடீரென்று கூடினாலோ, அன்றாட வேலையே தடுமாறினாலோ அது வேறு சங்கதி. தைராய்டு, பி12 குறைபாடு, மன அழுத்தம் என்று பல காரணம் இருக்கலாம். டாக்டரைப் பாருங்கள்.

கடைசிப் படி: உறுதியாகத் தெரிந்ததையும் சரிபார்ப்பது

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். நம் மாவட்டத்தில் அன்று விவரம் தெரிந்த வயதில் இருந்த எவரைக் கேட்டாலும், எங்கே நின்றார், யார் வந்து சொன்னார் என்று சொல்லிவிடுவார். பயமும் துக்கமும் சேரும்போது அமிக்டலா என்ற பகுதி ஹிப்போகேம்பஸை முடுக்கிவிட்டு ஆழப் பதியவைக்கிறது.

எனக்கும் அந்தக் காலை அப்படியே இருக்கிறது. வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்து வீட்டு மாமா ஓடிவந்து “கடல் ஊருக்குள்ள வந்துட்டு” என்றார். சில வருடங்களுக்கு முன் இதை என் கூடப்பிறந்த அக்காவிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “எலே, நீ அன்னைக்குக் கடைக்குப் போயிருந்தே. நீதானே வந்து எங்களுக்குச் சொன்னே?” இருவரும் சத்தியம் பண்ணத் தயார். இடியாப்பத்தின் சூடுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இருந்து என்ன?

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாளே அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்தி எப்படித் தெரிந்தது என்று உல்ரிக் நைசர் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து அதே கேள்வி. பலர் முற்றிலும் வேறு கதை எழுதினார்கள், அதுவும் மிகுந்த உறுதியோடு. தங்கள் கையெழுத்திலிருந்த பழைய தாளைக் காட்டியபோதும் சிலருக்குப் புதிய கதைதான் உண்மையாகப் பட்டது. ஒவ்வொரு முறை நினைவுகூரும்போதும் மூளை துண்டு துண்டாக எடுத்துக் கட்டுகிறது. கட்டும்போது வேறு இடத்துச் செங்கலும் சேர்ந்துவிடும்.

படிப்பில் இதற்கு என்ன அர்த்தம்? எடுத்துப் பார்த்துவிட்டுச் சரிபார்க்காமல் விட்டால், தப்பான பதிலும் அதே உறுதியோடு இறுகிவிடும். நான் ஒருமுறை விவேகானந்தர் பாறை மண்டபம் திறந்த வருடத்தை 1972 என்று ஒரு மாதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 1970. என்னிடம் கேட்ட பிள்ளைகளில் ஒருத்திக்கு இன்றும் முதலில் 72-தான் வாயில் வருகிறது. எழுதிய அன்றே திருத்துங்கள், பக்கத்தில் இருப்பவர் சொன்னார் என்று விடாமல் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

முதல் வாரத்துக்கு இது போதும். திங்கள் அன்று ஒரே ஒரு பாடம், கேள்வி எழுதிவிட்டுப் படித்து, மூடி எழுதி, திருத்தித் தூங்குங்கள். செவ்வாய் காலை பல் தேய்க்கும்போது அதை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், மாலை புதிய பாடம். வெள்ளிக்கிழமை திங்கள் பாடத்தை வெள்ளைத்தாளில் மறுபடி எழுதுங்கள். ஞாயிறு விடுமுறை. மாலை ஆறு மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். தாளும் பேனாவும் கொண்டுவந்தால் போதும், ஹைலைட்டரை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.